அநாதைத் தட்டு

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்ததில் மிகக் கொடிய ஆயுதம் அழிரப்பர்தான்.

இதை அடிக்கடி, முழு நம்பிக்கையோடு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொல்கிறவன் உயிர்வேதியியல் இறுதியாண்டு மாணவன். ஆய்வகத்தில் அவனுக்கு ஜட்ஜ் என்று பெயர். தீர்ப்பு அவனுக்குத் தும்மல் மாதிரி, தானாக வரும்.

ஆய்வு நோட்டில் தப்பாக எழுதினால் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும், பக்கத்தில் தேதி போட வேண்டும். அழித்தவன் திருடன். இரண்டாமாண்டுப் பெண் ஒருத்தி ஓர் எண்ணை அழித்துவிட்டாள் என்று, அவளுடைய நோட்டுக்கு இரங்கல் கூட்டம் போட்டு, எல்லோரையும் இரண்டு நிமிடம் எழுந்து நிற்க வைத்தவன் அவன்.

அப்படிப்பட்டவன், இந்தச் சனிக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, தன் ஆராய்ச்சிக் கூட்டாளி சிலந்தியின் மூக்கை உடைத்துக்கொண்டிருந்தான்.

முதல் குத்துக்குப் பச்சைக் குச்சி முறிகிற சத்தம் கேட்டது.

இரண்டாவது வாயில் விழுந்தது. சிலந்தியின் முன்பல் ஒன்று வெள்ளை மேசையில் துள்ளி, பைப்பெட் டப்பாவில் மோதி நின்றது.

காரணம் கடுகளவு. உண்மையாகவே கடுகளவு.

நாலு மாத உழைப்பு, நாற்பத்திரண்டு தோல்வி. நாற்பத்து மூன்றாவது முயற்சியில், புற ஊதா விளக்கின் கீழ் பச்சையாக மின்னிய ஒரே ஒரு பாக்டீரியாப் புள்ளி. வியாழக்கிழமை மாணவர் ஆய்வரங்கத்தில் அதைக் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் ஒரு வருடம் போச்சு. நேற்று சாயங்காலம் ஜட்ஜ் அதை மூடி போட்ட புது வளர்ப்புத் தட்டுக்கு மாற்றி, இன்குபேட்டரின் கதகதப்பில் வளரவிட்டுப் போனான். பழைய தட்டை முறைப்படி, கிருமியைக் கொல்லும் ப்ளீச் வாளியில் போட்டுவிட்டான்.

இன்று இன்குபேட்டரைச் சுத்தம் செய்யும் முறை சிலந்தியுடையது.

உள்ளே தட்டுகள் கவிழ்ந்துதான் இருக்கும். மூடி கீழே, அடி மேலே. அதனால் பெயரை அடியில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஜட்ஜே தாளில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தான்: 'அடியில் பெயர் இல்லாதது அநாதை. அநாதைக்கு ப்ளீச். மேல்முறையீடு கிடையாது.'

"அடியில ஒண்ணுமே இல்லடா!" சிலந்தி ரத்தத்தைத் துப்பினான். "நீ ஒட்டின ரூலைத்தான்டா நான்..."

"எழுதினேன்டா நாயே! எழுதாம விடுவேனா? நானா?"

அந்த 'நானா'வோடு மூன்றாவது குத்து இறங்கியது. சிலந்தி பின்னால் சாய, கண்ணாடிக் குடுவைகள் அடுக்கோடு சரிந்தன. இருவரும் உடைசல் மேல் உருண்டார்கள். ஜட்ஜின் முழங்கையில் ஒரு சில்லு ஏறியது. அவனுக்கு அது உறைக்கவில்லை.

ஜட்ஜ் அவன் மார்பின் மேல் ஏறி உட்கார்ந்து கழுத்தைப் பிடித்தான். கட்டைவிரல் இரண்டும் குரல்வளையில்.

பட்டப்பெயர் வாங்கிக்கொடுத்த அந்த நீளக் கால்கள் தரையை உதைத்தன. முகம் சிவப்பாகி, சிவப்பு மெல்ல நீலத்துக்கு மாறியது. வேறு நாளாக இருந்தால் இந்த நிறமாற்றத்தை ஜட்ஜ் நேரம் குறித்து நோட்டில் ஏற்றியிருப்பான்.

"சொல்லு. எழுதியிருந்துச்சுன்னு சொல்லு."

சிலந்தியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கேட்பதற்காக ஜட்ஜ் காதைத் தரையோடு தரையாக இறக்கினான்.

அப்போது இன்குபேட்டருக்கு அடியில் பார்வை போனது.

அங்கே தூசிக்கு நடுவே, சுவரில் சாய்ந்தபடி, ஒரு தட்டின் மூடி மட்டும் கிடந்தது. வாளியில் கொட்டும்போது கழன்று உருண்டிருக்க வேண்டும். மூடியின் மேல் கறுப்பு மார்க்கரில் நேற்றைய தேதி. அதற்குக் கீழே 43. பக்கத்தில் யாரோ சந்தோஷத்தில் போட்ட ஒரு நட்சத்திரம்.

கையெழுத்து அழகாக இருந்தது. கதவில் ஒட்டிய தாளில் இருந்த அதே கையெழுத்து.

விரல்கள் தளர்ந்தன. சிலந்தி காற்றை இழுத்த சத்தம் துணி கிழிவது போல இருந்தது.

"என்னடா இது? கொலை பண்ணப் பாத்தியா?" கதவில் பேராசிரியை நின்றிருந்தார். கையில் இருந்த டீ தரையில் சிந்திக்கொண்டிருந்தது.

ஜட்ஜ் வாயைத் திறப்பதற்குள் சிலந்தி முந்திக்கொண்டான். பல் போன இடத்தில் வார்த்தைகள் ஒழுகின.

"என் தப்பு மேடம். நான்தான் சரியாப் பாக்காமக் கொட்டிட்டேன். அவன் எழுதியிருப்பான். எழுதாம இருக்கிற ஆள் இல்ல அவன்."

பேராசிரியை ஜட்ஜைப் பார்த்தார். "எழுதினியா?"

"எழுதினேன் மேடம்."

அது பொய் இல்லை.

அவர் ஆம்புலன்ஸுக்குப் போன் பேச வெளியே ஓடினார்.

ஜட்ஜ் எழுந்துபோய் ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்து வந்தான். மண்டியிட்டு, சிலந்தியின் தலையைத் தன் மடியில் தாங்கி, கிழிந்த உதட்டில் மெதுவாக ஒற்றினான்.

"எரியும். கண்ணை மூடிக்கோடா."

சிலந்தி, சொன்ன பேச்சைக் கேட்கிறவன், மூடிக்கொண்டான்.

ஜட்ஜ் பஞ்சைச் சுத்தமான பக்கத்துக்குத் திருப்பினான். இன்னொரு கையை இன்குபேட்டருக்கு அடியில் விட்டு, அந்த மூடியை எடுத்தான்.

தேதி முதல் இழுப்பிலேயே போய்விட்டது. எண்ணும் போனது. நட்சத்திரத்தை மட்டும் கொஞ்சம் அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது.