ரொட்டியில் என்ன கலந்தாய்?

முதல் அடியில் நுண்ணோக்கி நொறுங்கியது. இரண்டாவது அடி ஆராய்ச்சிக்காரியின் தோளில் இறங்கியது. கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, கரி படிந்த நீளக் கம்பியோடு நின்ற அந்த ஆள், வெள்ளையடிக்கும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவன் போல முழங்கை வரை வெளுத்திருந்தான்.

"என் பொண்ணுக்கு ரொட்டியில என்னத்தைக் கலந்தே?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடி அலமாரி சரிந்தது. வெளியே காவலாளி கதவை இடித்தபடி சாவி எங்கே என்று கத்திக்கொண்டிருந்தான். அவனுக்கு எப்போதும் எல்லாம் முடிந்த பிறகுதான் சாவி கிடைக்கும்.

வந்தவனின் மகளை அவளுக்கு நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு வயது, கோதுமை ஆகாத குடல். கோதுமை உள்ளே போனால் குடலின் உட்சுவர் அபாயச் சங்கு ஊதும். சத்தம் கேட்டு ஓடிவரும் உடம்பின் காவல்படை, அந்தச் சுவரையே இடித்துத் தள்ளும்.

அந்தச் சங்கை எப்படி நிறுத்துவது என்பதுதான் ஆராய்ச்சி. சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்களில் சிலருக்குத் துளி கோதுமை கலந்த ரொட்டி, சிலருக்குக் கலக்காத ரொட்டி. யாருக்கு எது என்பது ரொட்டி சுடும் சமையல்காரம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். ஆராய்ச்சி செய்கிறவளுக்கே தெரியக்கூடாது என்பது விதி.

இதையெல்லாம் அவள் மூச்சு வாங்கச் சொன்னாள். கேட்கிற நிலையில் அவன் இல்லை. எதிர் ஆஸ்பத்திரியில் மகள் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறாள். இப்படியே போனால் தாங்க மாட்டாள் என்று டாக்டர் சற்று முன்புதான் கையை விரித்திருந்தார். பெற்ற மனம் பற்றி எரியும்போது விதியாவது மண்ணாவது.

கம்பி அடுத்து, மிதமான சூட்டில் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியை நோக்கி ஓங்கியது. அதற்குள் சின்னச் சின்னக் கிண்ணங்களில் அவன் மகளின் குடல் சுவரிலிருந்து நேற்று எடுத்த துணுக்குகள் உயிரோடு இருந்தன. அவள் குறுக்கே பாய்ந்தாள். அடி நெற்றியில் விழுந்தது.

ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அவள் முடியைப் பிடித்து இழுத்துச் சுவரோடு சாய்த்து, கம்பியைக் கழுத்தில் வைத்து அழுத்தினான்.

"கோதுமை குடுத்தியா, இல்லையா?"

எனக்குத் தெரியாது, தெரிந்தவரிடம் கேட்கிறேன் என்று அவள் திணறித் திணறிச் சொன்ன பிறகுதான் பிடி கொஞ்சம் தளர்ந்தது. கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். விதியை மீறி, சமையல்காரம்மாவிடம் அவன் மகளின் பெயரைச் சொல்லிக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணுக்கா? ஆரம்பத்துலேருந்து அரிசி மாவு ரொட்டிதானே. ஒரு சிட்டிகை கோதுமைகூடக் கலக்கலையே."

கம்பி கழுத்தை விட்டு விலகியது. எல்லோரும் கூட்டுக் களவாணிகள் என்று அவன் முனகினான். ஆனால் குரலில் பழைய சூடு இல்லை.

அவளுக்கு வலியைவிடக் குழப்பம் பெரிதாக இருந்தது. அந்தத் துணுக்குகளில் அபாயச் சங்கு ஓயாமல் ஊதிக்கொண்டிருப்பதை இன்று காலையில்கூடப் பார்த்திருந்தாள். அடித்தவன் என்பதை ஒரு நிமிடம் மறந்துவிட்டு, அவன் மகளை நினைத்துப் பதறினாள்.

"அப்படின்னா வேற எங்கேருந்தோ கோதுமை உள்ளே போயிட்டே இருக்குங்க. அதைக் கண்டுபிடிச்சா உங்க பொண்ணு பிழைச்சுடுவா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டில் கோதுமையே நுழைவதில்லை என்றான். பாத்திரங்கள் எல்லாம் புதுசு, மனைவி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துச் சமைக்கிறாள் என்றான். ஆஸ்பத்திரியில் அவளுக்கு யார் சாப்பாடு கொடுக்கிறார்கள் என்று கேட்டாள்.

அவன் தன் வெளுத்த கைகளைக் குனிந்து பார்த்தான். பூட்டு உடைந்து காவலாளி உள்ளே வந்து விழுந்தான். அவனைத் தடுக்கக்கூடத் தோன்றாமல், கம்பியை நழுவவிட்டு அந்த அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"பேக்கரியில மாவு பிசைஞ்ச கையோட ஓடிப்போய், நான்தாம்மா ஊட்டி விடுறேன்."