துப்பிய மாத்திரை

"கண்ணு ரெண்டும் மஞ்சளா கீதேடா தம்பி! நான் அன்னிக்கே தலப்பாடா அடிச்சுகினேன், இந்த மாதிரி..." என்று அக்கா சரசா ஆரம்பிக்க, எத்திராஜ் குறுக்கே பாய்ந்தார்.

"மாத்திரைய நான் போடலக்கா. துப்பிட்டேன்."

வெள்ளானூர் வீட்டில் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எட்டு மாதத்துக்கு முன் எத்திராஜுக்குக் கல்லீரல் மாற்று ஆபரேஷன். மகன் ஜெகதீசனின் ஈரலில் கொழுப்பு அதிகம் என்று டாக்டர்கள் ஒதுக்கிவிட்டார்கள். உறுப்பு தானக் கமிட்டி முன்னால் போய் நின்று சம்மதம் சொல்லி, தன் ஈரலில் பாதியைக் கொடுத்தவள் மருமகள் ஜெயப்பிரியா. அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கத்தான் அந்த மாத்திரை. வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பவளும் அவள்தான்.

"நீங்க முழுங்கற வரைக்கும் நின்னு பாப்பேனே மாமா?" என்றாள் ஜெயப்பிரியா.

"நாக்குக்கு அடியில வச்சுப்பேன். நீ அந்தாண்ட போனதும் துப்பிடுவேன். ஒரே கசப்பு."

ஜெகதீசனுக்கு வந்ததே கோபம்.

"கசப்பா? அவ வயித்தக் கிழிச்சுக் குடுத்துருக்கா, உனக்குக் கசக்குதா? மனுசனா நைனா நீ?"

"பாவி, இப்பிடிப் பண்ணிட்டியேடா!" சரசாவும் சட்டென்று கட்சி மாறித் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

எத்திராஜ் முழங்கையைப் பறட் பறட்டென்று சொறிந்துகொண்டிருந்தார். நாலு நாளாகவே உடம்பெல்லாம் அரிப்பு.

ஆஸ்பத்திரிக்குப் போன கால் டாக்ஸி பாடி மேம்பாலத்தில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. ஜெயப்பிரியாவின் கை அவளை அறியாமல் வயிற்றுத் தழும்பைத் தடவியது.

"ஈரல் போயிடுமாங்க? இன்னொரு ஆபரேஷன்னா, குடுக்கறதுக்கு யாரு இருக்கா?"

ஜெகதீசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கும் அதே பயம்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோதும் எத்திராஜ் அசரவில்லை. "ஒரு மாசமா போடல சார்." டாக்டரின் முகம் இருண்டது. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட் வரக் காத்திருந்தபோது ஜெகதீசன் சரசாவுக்கும் ஜெயப்பிரியாவுக்கும் தனக்குமாக மூன்று டீ வாங்கி வந்தான். அப்பாவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டார். கால்வலி என்று சரசா வெளியிலேயே உட்கார்ந்துவிட, மற்ற மூவரும் உள்ளே போனார்கள்.

"ஏன் பெரியவரே பொய் சொன்னீங்க?"

எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

"ரத்தத்துல மருந்து அளவு கச்சிதமா இருக்கு. ஒழுங்கா மாத்திரை போடறவங்களுக்குத்தான் அப்படி இருக்கும். உங்க பேச்சை நம்பி நான் மருந்தை ஏத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா?"

"அப்ப மஞ்சள் எப்படி வந்துச்சு சார்?" ஜெகதீசன் குழம்பினான்.

"ஆபரேஷன்ல பித்தக் குழாயை இணைச்ச இடம் சுருங்கிடுச்சு. பித்தம் இறங்க வழியில்லாம தேங்குது. சில பேருக்கு இப்படி ஆகும். யார் மேலயும் தப்பில்ல. வாய் வழியா எண்டோஸ்கோப்பி விட்டு, குழாயை விரிச்சு, உள்ளே ஸ்டென்ட்னு ஒரு சின்னக் குழல் வச்சுடலாம். சில மாசத்துக்கு ஒரு தடவை வந்து மாத்திக்கணும். பொறுமையா இருந்தா பெரும்பாலும் சரியாயிடும்."

"ஈரலு சார்?" என்றார் எத்திராஜ்.

"ஈரல் அருமையா இருக்கு."

அந்த மஞ்சள் கண்களில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

"அப்புறம் ஏன் மாமா துப்பினேன்னு சொன்னீங்க?" ஜெயப்பிரியாவும் அழுதுவிட்டாள்.

எத்திராஜ் அவளைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வெளிய எங்க அக்கா குந்திகினு கீது சார். 'வேத்து ரத்தம் ஒட்டல, மருமவ ஈரலு கெட்டுப்போச்சு'ன்னு காத்தால நான் துப்பினேன்னு சொல்றதுக்கு முன்னயே சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிடுச்சு. நீங்களே வந்து, ஈரல்ல ஒரு கொறையும் இல்லன்னு அதுகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க சார்!"