சீட்டில்லாமல் கேட்ட மாத்திரை

விருதுநகர் பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த மருந்துக்கடைக்கு, தலையில் நாலு தையலோடு உபைதுல்லா திரும்பி வந்தபோது மதியமாகிவிட்டது.

“டாக்டர் சீட்டு இல்லாமத் தூக்க மாத்திரை தர மாட்டேன்னு சொன்னது ஒரு குத்தமா அண்ணாச்சி? டானிக் பாட்டிலாலயே மண்டையில அடிச்சுட்டான்.”

முதலாளி ஊர்க்காவலன் சலித்துக்கொண்டார். “யாவாரம்னா கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்ப்பா.”

“அந்தாளு முழியே சரியில்ல அண்ணாச்சி.”

அப்போது தீப்பெட்டிக் கம்பெனிச் சீருடைச் சேலையோடு ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“தம்பி, என் பேரு முருகம்மாள். காலையில உங்கள அடிச்சது என் வீட்டுக்காரருதான். மன்னிச்சிருங்க. என் சாப்பாட்டுப் பையில இத வச்சிருந்தாக. இப்பத்தான் பாத்தேன்.”

கசங்கிய தாளை உபைதுல்லா பிரித்தான். ‘பிள்ளைகளை என்னோடயே கூட்டிட்டுப் போறேன். எங்களத் தேடாத.’

“அதுக்குத்தான் மாத்திரை கேட்டிருக்காக. நீங்க அடி வாங்கியும் குடுக்கலன்னு பஸ் ஸ்டாண்டுல ஆளுக சொன்னாக. அப்புறந்தான் எனக்கு உசுரே வந்துச்சு. உங்களக் கும்பிட்டுட்டுப் பிள்ளைககிட்ட ஓடிரலாம்னு வந்தேன்.”

ஊர்க்காவலனின் முகம் வெளுத்தது. “பிள்ளைக இப்ப எங்கனம்மா இருக்கு?”

“பரீட்சை லீவு. வீட்டுல அவுககூடத்தான் இருக்கு. ஏன் அண்ணாச்சி?”



“இவன ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு... கடையில கலாட்டா வேண்டாம்னு... அவன் கேட்டத நானே குடுத்து அனுப்பிட்டேன்மா.”

முருகம்மாள் அதற்குள் தெருவில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.