அம்மா பாஸ்

"ஒரு பல்லுக்கு டூத். நிறைய பல்லுன்னா டூத்ஸ். சரிதானே?" என்று கணவரிடம் கேட்டாள் அம்மா.

"மக்கு! டீத்!" கட்டிலில் சாய்ந்திருந்த பெரியவர் சீறினார்.

"ஒரு பாதத்துக்கு ஃபுட். ரெண்டுன்னா ஃபுட்ஸ்."

"ஃபீட்! உன்னைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறேன் பாரு!"

மாத்திரைத் தட்டோடு நின்ற பணிப்பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பெரியவரைப் பார்த்துக்கொள்ள இந்த வாரம்தான் வேலைக்கு வந்திருந்தாள். அவருக்குத் தன் வீடு தெரியாது, பெற்ற மகனையே "யாருப்பா நீ?" என்பார். ஆனால் அச்சகத்தில் காலமெல்லாம் பிழை திருத்தியவர். இதில் மட்டும் புலி.

"ஏம்மா, நேத்து சொன்னதுகூட மறந்துடுமா? தினமும் திட்டு வாங்குறீங்களே!"

"மண்டையில ஏறினாத்தானே?" என்றாள் அம்மா, அவர் தலையணையைச் சரிசெய்தபடி.

மகன் பணிப்பெண்ணிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். "அப்பாவுக்கு நினைவு கொஞ்சமாவது இருக்கிற வரைக்கும் வீட்டுல இருக்கட்டும். அதுவும் போயிடுச்சுன்னா அம்மாவால சமாளிக்க முடியாது. காப்பகத்துல இடம் சொல்லி வெச்சிருக்கேன். அம்மா மறைப்பாங்க. தினமும் நீங்க போன் பண்ணுங்க."

மறுநாள் மாலை அம்மா மீண்டும் ஆரம்பித்தாள். "எலிக்கு மவுஸ். நிறைய எலின்னா மவுசஸ்."

பெரியவர் அவளை அன்பாகப் பார்த்தார். "கரெக்ட்."

"நல்லாக் கேளுங்க. குழந்தைக்குச் சைல்ட். குழந்தைங்கன்னா... சைல்ட்ஸ்."

"கரெக்ட்மா!"

"சைல்ட்ஸ்னு சொல்றேங்க!" அம்மாவின் குரல் உடைந்தது.

பெரியவர் கைதட்டிச் சிரித்தார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள். பாவம், சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்த பணிப்பெண், உடனே போனை எடுத்தாள்.

"நல்ல சேதி சார்! அம்மா இன்னிக்குப் பாஸ்! ஐயா ஒரு திட்டுகூடத் திட்டலை. எல்லாத்துக்கும் கரெக்ட்னு சிரிச்சாரு!"

மறுமுனையில் மகன் மெல்லச் சொன்னான்.

"அந்த அச்சகத்துல அப்பாவுக்கு வேலை கத்துக்கொடுத்ததே அம்மாதாங்க. தப்பைக் கேட்டாலாவது அவருக்கு நினைவு வருதேன்னு, தினமும் வேணும்னே தப்பாச் சொல்லிட்டிருந்தாங்க."

அடுத்த நாள் காலை காப்பகத்து வண்டி வந்தது.