சாயாத கற்றாழை

இழுத்ததும் கையோடு வந்துவிட்டது.

யானைக் கற்றாழையின் நடுக்குருத்து. மஞ்சள் விளிம்பும் முனையில் ஊசி முள்ளுமாக நேற்றுவரை விறைத்து நின்ற செடி. அடிப்பக்கம் குழைந்துபோய், செத்த எலி நாற்றம் அடித்தது.

மருமகள் அதைப் பிடித்தபடி மாடியில் நின்றாள். மாமியார் ஈரத் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அழுகிப் போச்சு."

"கற்றாழை அழுகுமா? கல்லு அழுகுச்சுன்னு சொல்லு, நம்பறேன்."

கிட்டே வந்து பார்த்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

செடிக்குச் சொந்தக்காரன் இவளுக்குப் புருஷன், அவளுக்கு ஒரே மகன். லாரிகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். போன வருஷம் ஒரு காலை, ஷேவ் செய்து, தலைவாரி, வேலைக்குப் போனான். பட்டறைக்குப் போய்ச் சேரவில்லை. போலீஸ் தேடிப் பார்த்தது. ஆளும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

இருந்தவரை இந்த மாடித் தொட்டிகளை யாரையும் தொட விட்டதில்லை; அதிலும் இந்தக் கற்றாழையின் பக்கமே அண்ட விட்டதில்லை. "உங்க ரெண்டு பேருக்கும் ஒரு எழவும் தெரியாது" என்பான். அதில் பொய் இல்லை.

அவன் போனபின் மாமியார் சாப்பாட்டைத் தொடுவதை நிறுத்தினாள். சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள்.

மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் கத்தி, கத்தரிகளைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யும் வேலை. விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். ஒரு நாள் கிளம்பும்போது மாடிக்கு வந்து, இந்தச் செடிக்கு ஒரு மக் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

சாயங்காலம் அவள் திரும்பியதும் மாமியார் அவள் கையைப் பிடித்து மேலே இழுத்து வந்தாள். "தொட்டுப் பாரு. ஈரம். வந்துட்டுப் போயிருக்கான்."

அன்றைக்கு இரண்டு வாய் சாப்பிட்டாள்.

மருமகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தினமும் இருட்டோடு ஒரு மக். தினமும் சாயங்காலம் மாமியார் மண்ணில் விரலை வைத்து, தலையை ஆட்டி, கீழே போய்ச் சாப்பிடுவாள். ஒரு மக் தண்ணீரில் ஒரு உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த உயிர்தான் அவளைக் கட்டியும் போட்டிருந்தது. வேறு ஊரில் இருக்கும் அண்ணன், வேலை பார்த்து வைத்திருக்கிறேன் வா, வா என்று போனில் நச்சரித்துக்கொண்டிருந்தான். போய்விட்டால் தண்ணீர் யார் ஊற்றுவது?

இப்போது செடியே இல்லை. பொய்யை ஊற்ற இடம் இல்லை.

சொல்லிவிட்டாள்.

"அவர் வரல அத்தை. நான்தான் ஊத்தினேன், தினமும். நீங்க சாப்பிடணும்னு."

மாமியார் ஒரு துண்டை உதறினாள். கொடியில் போட்டு கிளிப் மாட்டினாள். அழவில்லை.

"நீ விடியக்காலம் ஊத்தினது சாயங்காலம் வரைக்கும் நிக்குமாடி, இந்தச் சரளைக் கல்லுல?"

மருமகளுக்குப் புரியவில்லை.

"மத்தியானம் நான் ஊத்தினேன். அன்னிக்கு உன் துணிமணியை எல்லாம் எடுத்துக் கட்டில் மேல வச்சிருந்தே. போயிடுவியோன்னு பயம். அவன் வந்துட்டுப் போறான்னு நினைச்சா இருப்பேல்ல."

"அப்ப நீங்க சாப்பிட்டது?"

"பசிச்சது. சாப்பிட்டேன்."

மருமகளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. மாசத்துக்கு ஒரு தடவை ஊற்றினால் போதும் என்கிற செடிக்குத் தினமும் இரண்டு மக். ஒருத்தியை ஏமாற்ற இன்னொருத்தி ஊற்றி, நடுவில் கற்றாழையை மூழ்கடித்துக் கொன்றிருக்கிறார்கள். மாமியாரும் தோள் குலுங்கச் சிரித்தாள். அவன் போனபின் இந்த வீட்டில் யாரும் இப்படிச் சிரித்ததில்லை.

"போறதுன்னா போ" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அண்ணனும் எத்தனை நாளைக்குத்தான் கூப்பிடுவான். எனக்கு என்ன, நான் பாட்டுக்கு இருந்துப்பேன்."

பிறகு காலால் தொட்டியைத் தட்டினாள்.

"ஆனா உடம்புல தெம்பு உனக்கு. இந்த மலையை எப்படித்தான் திருப்பி வச்சியோ."

"எதை?"

"இதைத்தான். இங்க வெளிச்சம் ஒரு பக்கம்தான் வருது. சுத்திச் சுத்தித் திருப்பி வைக்கலேன்னா செடி அந்தப் பக்கமே சாய்ஞ்சிடும்பான். மத்ததைப் பாரு, எல்லாம் குடிகாரன் மாதிரி சாய்ஞ்சு கிடக்கு. இதை மட்டும் நேரா வச்சிருந்தியே."

மருமகள் மற்ற தொட்டிகளைப் பார்த்தாள். வரிசையாக எல்லாச் செடிகளும் வெளிச்சம் வரும் பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன.

இது சிமெண்டுத் தொட்டி. இரண்டு ஆண்கள் மூச்சு வாங்க மேலே ஏற்றியது. அவள் இதை ஒரு விரலளவுகூட நகர்த்தியதில்லை.

"நான் திருப்பல அத்தை."

மாமியார் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். சுருங்கிய, ஒரு வாளியைத் தூக்கவே திணறும் கைகள்.

மருமகள் குனிந்தாள். ஊற்றிய தண்ணீர் எல்லாம் வழிந்து தொட்டியைச் சுற்றிப் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. அந்தப் பாசியை வழித்துக்கொண்டு, தொட்டியின் அடி அரைவட்டமாகச் சுழன்ற தடம். வெள்ளை வெளேரென்று புதிதாக இருந்தது.

மாடிக்கு வெளிப்பக்கமும் ஒரு படிக்கட்டு உண்டு. அதன் கதவுச் சாவி அவன் கொத்தில் இருந்தது. கொத்து அவனோடு போனது.

கொடியில் துணிகள் சொட்டிக்கொண்டிருந்தன.

மாமியார் மிச்சத் துணியை வாளியிலேயே விட்டாள். மருமகளின் முழங்கையைப் பிடித்தாள். கீழே யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"செடியைத் திருப்ப வந்திருக்கான், படியிறங்கி நம்மைப் பார்க்க வரல. உங்க அண்ணன்கிட்ட கேளு" என்றாள். "ரெண்டு பேருக்கு இடம் இருக்குமான்னு."