ஏழு சாவும் ஒரு கலயமும்

"சந்தேகமே வேண்டாம், ஐயா. ஊரைக் கொன்னவ அந்தா நிக்கிறா" என்றார் கிராம முன்சீப் செம்மலை.

புளியமரத்துக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் கைக்குழந்தையோடு நின்றாள் சின்னக்கண்ணு. சேரிப் பெண். பொழுது சாய்வதற்குள் அவள் குடிசையைப் பிரித்தெறிந்து, ஊர் எல்லை தாண்டி விரட்டிவிடுவதென்று கூட்டத்தில் முடிவாகியிருந்தது. காரைக்குடியிலிருந்து சுகாதார இன்ஸ்பெக்டர் குழந்தைவேலு ஜட்கா வண்டியில் வந்து இறங்கிவிட்டதால்தான் கொஞ்சம் பொறுத்திருந்தார்கள். சர்க்கார் ஆள் முன்னால் வேண்டாமே என்கிற மரியாதை!

"அந்தப் பொண்ணு என்ன செஞ்சது?"

"மாசி மாசம் நம்ம ஊரணியில கலயத்த முக்கிட்டா, ஐயா! கேட்டா, பிள்ளை தாகத்துல அழுதுச்சாம். அவுகளுக்குன்னு தனியா ஊத்து இருக்குல்ல? அம்மன் சும்மா விடுவாளா? வாந்திபேதியில ஏழு உசுரு போச்சு."

"சாவுக் கணக்கைக் கொடுங்க."

செம்மலை பெருமையோடு ரிஜிஸ்தரை நீட்டினார். அவர் கையெழுத்து அழகானது. மரணத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் ஏழு பேருக்கும் முத்து முத்தாக எழுதியிருந்தார்: 'தெய்வக் குத்தம்.'

இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"இவங்கெல்லாம் எந்தத் தண்ணி குடிச்சாங்க?"

"இதென்ன கேள்வி? ஊரணித் தண்ணிதான்."

"சேரியில எத்தனை சாவு?"

"ஒண்ணுகூட இல்லைங்க. அதுலயே தெரியலையா அவுக சூது!"

"மாசியில கலயத்தை முக்கினா. முதல் சாவு பங்குனிக் கடைசின்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அம்மன் அதுவரைக்கும் என்ன செஞ்சா?"

செம்மலை தலையைச் சொறிந்தார். "அம்மனுக்கு ஆயிரம் சோலி இருக்கும்."

"நடுவுல ஊரணியில வேற ஏதாவது நடந்துச்சா?"

"தீட்டுக் கழிச்சோம், ஐயா. முறைப்படி! நம்ம முத்துக்கருப்பன் காரைக்குடிப் பக்கம் பங்குனித் திருவிழாவுக்குப் போயி, அங்க குளத்துலருந்து ஒரு குடம் தீர்த்தம் கொண்டாந்தான். மேளதாளத்தோட ஊரணியில ஊத்துனோம்."

"வாந்திபேதின்னு அந்தத் திருவிழாவையே பாதியில கலைச்சாங்களேய்யா! எங்கே அந்த முத்துக்கருப்பன்? கூப்பிடுங்க."

செம்மலை ரிஜிஸ்தரைப் பார்த்தார். முதல் வரியில் இருந்தான் முத்துக்கருப்பன்.



"வியாதி அந்தக் குடத்துல வந்திருக்கு" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார் இன்ஸ்பெக்டர். "கெட்ட தண்ணி இருந்த குடத்தை நல்ல தண்ணியில முக்கினா, அதுவும் கெட்டுப்போகும். ஊரணிக்கு மருந்து போடணும். நான் சொல்ற வரைக்கும் அந்தத் தண்ணியை யாரும் வாயில வைக்கக் கூடாது. இந்தப் பொண்ணு குடிசையில எவனாவது கை வச்சா, ஜெயில்தான்!"

"அப்ப குடிக்கத் தண்ணிக்கு எங்க போறது?"

"சேரி ஊத்து இருக்கே. அங்கதான் சாவே இல்லை."

ஏழு சாவுக்குக்கூட அவ்வளவு ஆடிப்போகாத ஊர், இதற்கு ஆடிப்போய்விட்டது.

வீறாப்பெல்லாம் மறுநாள் மத்தியானம் வரைக்கும்தான். சித்திரை வெயில் யாரை விட்டது? பித்தளைக் குடத்தோடு முதல் ஆளாகக் கிளம்பியவரே செம்மலைதான். போகிற வழியிலேயே கூட வந்தவர்களுக்கு ஒரு சாஸ்திரமும் கண்டுபிடித்துச் சொன்னார்: "ஊத்து பூமாதேவியோடதப்பா. பூமிக்கு ஏது தீட்டு?"

ஊற்றடியில் சின்னக்கண்ணு தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். செம்மலை அவளைப் பார்க்காதவர் மாதிரி குனிந்து, குடத்தை ஊற்றுக்குள் விடப் போனார்.

"ஐயா, முக்காதீக! அங்குட்டுத் தள்ளி நில்லுங்க!"

செம்மலைக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னடி? எங்களுக்கே தீட்டுச் சொல்றியா?"

"ஐயையோ, தீட்டெல்லாம் இல்லைங்கய்யா. நேத்து வரைக்கும் ஊரணியில கிடந்த குடம் இது. இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னது எனக்கும் காதுல விழுந்துச்சுல்ல? இதை முக்குனா எங்க பிள்ளைகளும் போயிரும், உங்களுக்கும் குடிக்க நல்ல தண்ணி இருக்காது. வெயில்ல வந்திருக்கீக. கையை ஏந்துங்க, நான் மேலருந்து ஊத்துறேன்."