இதுல கட்சி எதுக்கு?

சட்டசபைக்கு மேலே இருந்த கண்ணாடி அறையில், உறுப்பினர்களின் மைக்கைப் போடுவதும் அணைப்பதும்தான் அவன் வேலை.

காலையிலிருந்து ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் எலியும் பூனையுமாகக் கத்தித் தீர்த்தன. பிற்பகலில், எந்தக் கட்சியிலும் சேராத ஒரே உறுப்பினர் எழுந்தார்.

"கட்சி கை தூக்கச் சொன்னா தூக்கறதுக்கா நம்மள அனுப்பினாங்க? அவங்கவங்க மனசாட்சிப்படி ஓட்டுப் போட ஒரு சட்டம் வேணும்!"

கண்ணாடி அறைக் கதவு படாரென்று திறந்தது. இரண்டு கட்சிக் கொறடாக்களும் மூச்சிரைக்க நின்றார்கள்.

"மைக்கை அணைப்பா!"

"ரெண்டு பேரும் ஒண்ணாவா சார் வந்தீங்க?"

"இதுல கட்சி எதுக்குப்பா? வேலை வேணுமா, வேண்டாமா?"

அணைத்தான். சபைக்குக் கேட்கவில்லை. தனி இணைப்பில் அவன் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் மட்டும் அந்தக் குரல் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. கீழே எல்லாரும் காபி குடிக்கக் கிளம்பினார்கள்.

சாயந்திரம் வீட்டு வாசலில் அவன் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து அதே குரல் கேட்டது.

"நான் பேசினதை முழுசா கேட்டியாடா?"

"ஒரு வார்த்தை விடலக்கா."

"அது போதும். நாளைக்கும் பேசுவேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நாளைக்கும் நான்தான்க்கா அணைக்கணும்."